லூசிண்டாவின் 2023 ஆல்பம்: ரசிகர்கள் ஏன் இரண்டு கட்சியானார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூசிண்டா வில்லியம்ஸ் பாட்டுகளை நண்பர்களுக்கு அனுப்பித் தொல்லை கொடுப்பது எனக்குப் பழைய பழக்கம். 2023 ஜூனில் ‘ஸ்டோரீஸ் ஃப்ரம் எ ராக் அண்ட் ரோல் ஹார்ட்’ வந்த பிறகு, அனுப்பிய பாட்டுகளை விடத் திரும்பி வந்த கேள்விகள் அதிகம். பல வருஷமாக அவரைக் கேட்பவர்களே “இது என்ன ஆல்பம்?” என்றார்கள். வேறு சிலர் கண்ணீர் விட்டதாகச் சொன்னார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துவிட்டது. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். புதியவர்கள் மேலிருந்து படிக்கலாம். பழைய ரசிகர்கள் நேராக நடுப்பகுதிக்குப் போய்விடலாம்.

யாருங்க இந்த லூசிண்டா? நான் பேரே கேள்விப்பட்டதில்லையே.

1953ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லேக் சார்ல்ஸ் ஊரில் பிறந்த பாடகி, பாடலாசிரியர். அப்பா மில்லர் வில்லியம்ஸ் கவிஞர், பேராசிரியர். 1997ல் பில் கிளிண்டன் இரண்டாம் முறை பதவியேற்றபோது விழாவில் கவிதை வாசித்தவர். அவருக்கு எந்த ஊர்க் கல்லூரியில் வேலை கிடைக்கிறதோ அந்த ஊருக்குக் குடும்பம் மூட்டை கட்டும். தெற்கு மாநிலங்கள் பலவற்றில் இருந்திருக்கிறார்கள், நடுவில் சிலி, மெக்சிகோ கூட. லூசிண்டாவின் பாட்டுகளில் ஊர்ப்பெயர்கள் கொட்டிக் கிடப்பதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம்.

முதல் ஆல்பம் 1979ல் வந்தது. ஆனால் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது 1998ல், ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோட்’ வந்தபோதுதான். அப்போது அவருக்கு 45 வயது. 2001ல் ‘டைம்’ இதழ் அவரை அமெரிக்காவின் சிறந்த பாடலாசிரியர் என்று அறிவித்தது. அப்படியும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக அவர் ஆகவில்லை. அவருடைய ‘பேஷனட் கிஸஸ்’ பாட்டை ஊரறியச் செய்தவர் மேரி சேப்பின் கார்பென்டர். அந்தப் பாட்டை எழுதியதற்காகத்தான் லூசிண்டாவுக்கு முதல் கிராமி கிடைத்தது.

வில்லியம்ஸ்னா, ஹேங்க் வில்லியம்ஸ் வாரிசா?

இல்லை. பெயர் ஒற்றுமை மட்டும்தான். ஆனால் கண்ட்ரி இசையின் (அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசை) ஜாம்பவானான ஹேங்க் வில்லியம்ஸ் இறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு மில்லர் வில்லியம்ஸ் அவரைச் சந்தித்திருக்கிறார். அந்தக் கதை இவர்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படும் கதை.

கண்ட்ரி பாடகின்னு சொல்றீங்க. ஆல்பம் பேர்லயே ராக் அண்ட் ரோல்னு இருக்கு. எதுதான் சரி?

இந்தக் கேள்வி அவரை 1980களிலிருந்தே துரத்துகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெரிய நிறுவனத்துக்காக மாதிரிப் பதிவு ஒன்று செய்து கொடுத்தார். அங்கே இருந்தவர்கள் “இது ராக்குக்கு ரொம்ப கண்ட்ரி” என்று கண்ட்ரி இசையின் தலைநகரான நேஷ்வில்லுக்கு அனுப்பினார்கள். நேஷ்வில்காரர்களோ “கண்ட்ரிக்கு இது ரொம்ப ராக்” என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் 1988ல் அவர் ஆல்பத்தை வெளியிட்டது ரஃப் டிரேட். பங்க் இசைக்குப் பெயர்போன பிரிட்டிஷ் கம்பெனி!

அவர் வாங்கிய மூன்று கிராமி விருதுகளும் மூன்று வெவ்வேறு பிரிவுகளில். முதலாவது கண்ட்ரி பாடல், அடுத்தது நாட்டார் இசை ஆல்பம், மூன்றாவது ராக் பாடகி. விருதுக் குழுவே முடிவெடுக்கவில்லை, நாம் எங்கே எடுப்பது? கண்ட்ரியில் வேர்விட்டு, புளூஸ் குடித்து வளர்ந்து, ராக் பேண்டோடு மேடையேறுபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஆல்பத்தில் அந்த ராக் பக்கம் கூடுதலாகத் தெரிகிறது. “என்னோட கண்ட்ரி லூசிண்டா எங்கே?” என்று கேட்பவர்களின் மனக்குறை இங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

ஆல்பத்துல என்னதான் இருக்கு? கேட்காதவங்களுக்கு ஒரு சுருக்கம் குடுங்க.

பத்துப் பாட்டு. 2014ல் இருபது பாட்டுக் கொண்ட இரட்டை ஆல்பம் போட்டவருக்கு இது சிக்கனம். லூசிண்டா, அவருடைய கணவர் டாம் ஓவர்பி, ஒலிப்பதிவாளர் ரே கென்னடி மூவரும் தயாரிப்பு. முதல் பாட்டு, சிதறிப்போன பழைய பேண்டை மறுபடி கூட்டலாம் வாங்க என்கிற அழைப்பு. அடுத்தது ‘நியூயார்க் கம்பேக்’. ராக் நட்சத்திரம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் அவர் மனைவி பேட்டி ஸ்கியால்ஃபாவும் பின்னணியில் பாடுகிறார்கள். ‘ஸ்டோலன் மொமென்ட்ஸ்’ ராக் பாடகர் டாம் பெட்டியின் நினைவாக. ‘ஹம்ஸ் லிக்கர்’ ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற ராக் குழுவின் கிடாரிஸ்ட் பாப் ஸ்டின்சனைப் பற்றியது. ‘ஜூக்பாக்ஸ்’ தனிமைக்கு மருந்தாக ஒரு பாட்டுப் பெட்டி. கடைசிப் பாட்டு நான் மங்கிப் போகவே மாட்டேன் என்கிற பிடிவாதம்.

‘கார் வீல்ஸ்’ வெளியான தேதி 1998 ஜூன் 30. இந்த ஆல்பம் 2023 ஜூன் 30. சரியாக 25 வருஷம். ஒப்பிடாதீர்கள் என்று ரசிகர்களிடம் சொல்லியும் பயனில்லை, காலண்டரே ஒப்பிடச் சொல்கிறது.

அவங்களுக்கு பக்கவாதம் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். 2020 நவம்பரில், நேஷ்வில் வீட்டில். மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்கட்டி. உடம்பின் இடது பக்கம் பாதிக்கப்பட்டது. நடக்கவே பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷமே அவருக்குச் சரியில்லை. மார்ச் மாதம் நேஷ்வில்லைச் சுழற்காற்று தாக்கியதில் வீடு சேதமானது, உடனே கொரோனா, அப்புறம் இது.

சிந்தனையும் பேச்சும் தப்பின. அடுத்த வருஷக் கோடையிலேயே பாடகர் ஜேசன் இஸ்பெல்லின் நிகழ்ச்சிகளில் முதலில் பாடுபவராக மேடைக்கு வந்துவிட்டார். திரும்பாதது கிடார். இடது கைதான் நரம்புகளை அழுத்தி ஸ்வரம் பிடிக்கும் கை. அது ஒத்துழைக்கவில்லை. டீன் ஏஜிலிருந்து கிடாரைக் கட்டிக்கொண்டு பாட்டு எழுதியவருக்கு இது எப்படிப்பட்ட இழப்பு என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விகளுக்குப் போங்கள். பாதிச் சண்டை இதை மறந்துவிட்டுப் போடப்படுவது. மீதிச் சண்டை இதை மட்டுமே நினைத்துக்கொண்டு போடப்படுவது.

வார்த்தையெல்லாம் குழறுதே. நோயாலதானே?

இந்தக் கேள்வியை அனுப்புபவர்கள் பெரும்பாலும் ‘கார் வீல்ஸ்’ கேட்டுவிட்டு நேராக 2023க்குத் தாவியவர்கள். இடையில் கால் நூற்றாண்டு இருக்கிறது. 2007ல் வந்த ‘வெஸ்ட்’ ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். அப்போதே மெய்யெழுத்துகளை விழுங்கி, உயிரெழுத்துகளை இழுத்து, சொல்லின் கடைசியை அந்தரத்தில் விட்டுவிடுவார். 2016ன் ‘தி கோஸ்ட்ஸ் ஆஃப் ஹைவே 20’ல் அந்த இழுவை இன்னும் முற்றிவிட்டது. தெற்கத்திய நாக்கு, வயது, புளூஸ் பாடகர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பாணி எல்லாம் சேர்ந்த கலவை அது.

2017ல் அவரே இதற்கு ஒரு சோதனை வைத்துக் கொடுத்திருக்கிறார். 1992ல் வெளிவந்த ‘ஸ்வீட் ஓல்ட் வேர்ல்ட்’ ஆல்பத்தை 25 வருஷம் கழித்து முழுக்கப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் குரல் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும். அது நோய்க்கு மூன்று வருஷம் முந்தைய பதிவு. பழைய தெளிவான குரல் வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அதைப் பறித்தது பக்கவாதம் அல்ல.

சரி, ரசிகர்கள் எதுக்குத்தான் அடிச்சுக்கிறாங்க?

பிடிக்காதவர்களின் புகார்களைச் சேர்த்தால் நான்கு தேறும். பாட்டு வரிகள் ரொம்பச் சாதாரணமாக, எங்கேயோ கேட்ட ராக் அண்ட் ரோல் வாசகங்களாக இருக்கின்றன. கூட்டாக எழுதியதால் அவருடைய கையெழுத்து தெரியவில்லை. விருந்தாளிகள் அதிகம். உற்சாகம் அதிகம், வலி குறைவு.

பிடித்தவர்கள் ஒரே ஒரு பதிலை வைத்திருக்கிறார்கள்: இந்த மனுஷி உயிரோடு திரும்பி வந்து பாடுகிறார், அந்தச் சந்தோஷத்தை அப்படியே பதிவு செய்திருக்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கு இந்தப் பதில் போதாது. அதே சமயம் நான்கு புகார்களில் இரண்டை நான் ஏற்கவில்லை. எவை என்று கீழே வரும்.

வரிகள் ரொம்ப லேசா இருக்குன்னு எனக்கும் தோணுது. நான் தப்பா கேட்கறேனா?

இல்லை, சரியாகத்தான் கேட்கிறீர்கள். இந்தப் புகாரை நான் ஏற்கிறேன். ஏன் என்று சொல்ல இரண்டு பாட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

‘கார் வீல்ஸ்’ ஆல்பத்தில் ‘டிரங்கன் ஏஞ்சல்’ என்று ஒரு பாட்டு. டெக்சஸ் பாடகர் பிளேஸ் ஃபோலி 1989ல் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றியது. குடிகாரன், திறமைசாலி, வீடு வாசல் இல்லாதவன். அந்தப் பாட்டில் லூசிண்டா நம்மை அழச் சொல்வதில்லை. அவன் செருப்பில் ஒட்டுப்போட்ட டேப்பைக் காட்டுவார். அவன்மீது கோபப்படுவார், எதற்காக இப்படி விட்டாய் என்று உலுக்குவார். அதே ஆல்பத்தின் ‘லேக் சார்ல்ஸ்’ பாட்டும் இறந்துபோன ஒரு பழைய காதலனைப் பற்றியதுதான். அங்கேயும் துக்கம் ஊர்ப்பெயர்கள் வழியாகவும், கார்ப் பயணம் வழியாகவும்தான் வருகிறது. சின்னச் சின்னப் பொருள்களை அடுக்கிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்வார். மீதி வேலை நம்முடையது.

இப்போது ‘ஹம்ஸ் லிக்கர்’. பாப் ஸ்டின்சனும் அதே ஜாதிக்காரர்தான். திறமை, குடி, 1995ல் 35 வயதில் சாவு. மினியாபொலிஸில் இருந்த காலத்தில் டாம் ஓவர்பி, காலையில் மதுக்கடைக்குப் போகும் ஸ்டின்சனைப் பார்த்திருக்கிறார். பாட்டுக்குக் கரு அதுதான். பாப்பின் தம்பி டாமி ஸ்டின்சனே பின்னணி பாடுகிறார். அந்தக் காலை நேரக் கடை வாசல் என்கிற ஒரே காட்சி பாட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆகவே பழைய லூசிண்டா இங்கே இருக்கிறார். ஆனால் இந்த ஆல்பத்தில் இப்படிக் கண்ணால் பார்க்கக்கூடிய காட்சி உள்ள பாட்டுகள் குறைவு. ‘ராக் அண்ட் ரோல் ஹார்ட்’ பாட்டில் வரும் பையனுக்கு முகமே இல்லை. கிடாரும் கனவும் உள்ள எந்த ஊர்ப் பையனாகவும் அவன் இருக்கலாம். செருப்பில் டேப் ஒட்டியவனை எழுதிய கை இது என்பதால்தான் குறை பெரிதாகத் தெரிகிறது.

கூட்டா எழுதினா அது அவங்க பாட்டுன்னு எப்படி சொல்றது?

இந்தப் புகாரை நான் ஏற்கவில்லை. எழுதியவர்கள் யார் என்று பாருங்கள்: டாம் ஓவர்பி, நியூயார்க் பாடகர் ஜெஸ்ஸி மாலின், பயண மேலாளர் டிராவிஸ் ஸ்டீவன்ஸ். கம்பெனி அனுப்பிவைத்த சம்பளப் பாடலாசிரியர் ஒருவரும் இல்லை, எல்லாம் வீட்டுக்குள் புழங்கும் ஆட்கள். மாலினின் 2019 ஆல்பத்தைத் தயாரித்தவர்களே லூசிண்டாவும் ஓவர்பியும்தான். (அந்த மாலினுக்கும் 2023 மே மாதம் தண்டுவடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. ஆல்பம் வெளிவர இரண்டு மாதம்கூட இல்லாத சமயம்.)

கையில் கிடார் இல்லாதபோது மெட்டை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். அப்படி வாசிப்பவர் யோசனை சொல்வதும் இயல்பு. கண்ட்ரி இசையில் இரண்டு பேர், மூன்று பேர் உட்கார்ந்து எழுதுவது நேஷ்வில்லின் அன்றாடத் தொழில்முறை. தனியாக எழுதிய லூசிண்டாதான் அங்கே விதிவிலக்கு.

எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கணவர்தான்னு சிலர் சொல்றாங்களே?

கலைஞர் பெண்ணாக இருந்து, கணவர் மேலாளராகவும் இருந்துவிட்டால் எந்த நாட்டிலும் வரும் பேச்சு இது. ஓவர்பி இசைத் துறையில் வேலை பார்த்தவர். 2009ல் மினியாபொலிஸின் ஃபர்ஸ்ட் அவென்யூ அரங்கில், கச்சேரி மேடையிலேயே இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மேடையில் கல்யாணம் செய்துகொள்வதில் ஹேங்க் வில்லியம்ஸ் அவர்களுக்கு முன்னோடி.

கவனிக்க வேண்டியது, ஓவர்பியோடு சேர்ந்து எழுதுவது நோய்க்குப் பிறகு தொடங்கியதல்ல. 2020 ஏப்ரலில் வந்த ‘குட் சோல்ஸ் பெட்டர் ஏஞ்சல்ஸ்’ ஆல்பத்திலேயே பல பாட்டுகளில் அவர் பெயர் இருக்கிறது. அந்த ஆல்பம் கூர்மையானது, யாரும் கையெழுத்து தெரியவில்லை என்று சொல்லவில்லை. அதனால் 2023ன் வரிகள் தளர்ந்திருப்பதற்குக் கூட்டு எழுத்தைக் குற்றம் சொல்வது கணக்கில் நிற்காது.

ஸ்பிரிங்ஸ்டீன் பேரைப் போட்டு வித்துட்டாங்களா?

அவர் இரண்டு பாட்டில் பின்னணி பாடுகிறார், அவ்வளவுதான். முன்னால் வந்து நிற்கவே இல்லை. ஏஞ்சல் ஓல்சன், மார்கோ பிரைஸ் போன்ற அடுத்த தலைமுறைக்காரர்களும் பின்னணியில்தான். விருந்தாளிகள் அதிகம் என்ற புகாரையும் அதனால் தள்ளிவிடுகிறேன். கூர்ந்து கேட்காவிட்டால் பல பேர் அங்கே இருப்பதே தெரியாது.

ஒரு பழைய தொடர்பும் உண்டு. ‘கார் வீல்ஸ்’ ஆல்பத்தை இழுத்து முடித்துக் கரை சேர்த்தவர் ராய் பிட்டன், ஸ்பிரிங்ஸ்டீன் பேண்டின் பியானோக்காரர்.

அப்போ ‘கார் வீல்ஸ்’ மாதிரி இன்னொண்ணு ஏன் போட மாட்டேங்கறாங்க?

அதைப் போட்டு முடிக்க என்ன பாடு பட்டார் என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். முந்தைய ஆல்பம் 1992ல், இது 1998ல். ஆறு வருஷ இடைவெளி. முதலில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில், பல காலம் கூடவே வாசித்த கிடாரிஸ்ட் கர்ஃப் மார்லிக்ஸோடு பதிவு செய்தார். திருப்தி இல்லை. நேஷ்வில்லில் பாடகர் ஸ்டீவ் ஏர்ல், ரே கென்னடி இருவரோடும் முதலிலிருந்து மறுபடி. மார்லிக்ஸோடு இருந்த நட்பு அத்தோடு முறிந்தது. அதன் பிறகும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், மேலே சொன்ன ராய் பிட்டனோடு மிச்ச வேலை. நடுவில் கம்பெனி வேறு மாறியது. பிடிவாதக்காரி, முடிவெடுக்கத் தெரியாதவர் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு ஆண் இதையே செய்திருந்தால் மேதை என்றிருப்பார்கள் என்பது அவர் தரப்பு. அதில் உண்மை இருக்கிறது.

ரே கென்னடியின் பெயரைக் கவனித்தீர்களா? அன்று நேஷ்வில்லில் உட்கார்ந்திருந்த அதே மனிதர்தான் 2020, 2023 ஆல்பங்களுக்கும் தயாரிப்பில் இருக்கிறார். ஒலியமைப்பு ஆள் மாறவில்லை. கிடார்களின் முரட்டுச் சத்தத்தில் அந்த ஒற்றுமை கேட்கும். மாறியது எழுதுபவரின் வயதும் அவசரமும். 45 வயதில் ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர், 70 வயதில், ஒருமுறை சாவின் வாசலைப் பார்த்துவிட்டு வந்து, அப்படிக் காத்திருக்க விரும்பவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் பத்துப் பாட்டையும் கேட்கும்போது அப்படித்தான் படுகிறது.

முன்னாடியும் இப்படிச் சண்டை வந்திருக்கா, இல்ல இதுதான் முதல் தடவையா?

‘கார் வீல்ஸ்’க்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆல்பத்துக்கும் வந்திருக்கிறது. 2001ல் ‘எசென்ஸ்’. வரிகளைச் சுருக்கி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, மெதுவாகப் பாடினார். கதை எங்கே என்று கேட்டார்கள். 2003ல் ‘வேர்ல்ட் விதவுட் டியர்ஸ்’. சில பாட்டுகளில் பாடாமல் பாதி பேச்சாகவே ஓட்டினார். ராப் பண்ணுகிறாரா என்று சிரித்தார்கள். 2007ல் ‘வெஸ்ட்’. 2004ல் அம்மா இறந்த துக்கமும் முறிந்த காதலும் நிறைந்த பதின்மூன்று பாட்டு. அதில் ஒன்று ஒன்பது நிமிஷத்துக்கு மேல் பொருமித் தீர்க்கும். நீளம், இருட்டு, தாங்க முடியவில்லை என்றார்கள்.

2008ன் ‘லிட்டில் ஹனி’க்கு வந்த சண்டைதான் இன்றைய சண்டைக்கு ரொம்பப் பக்கம். ஓவர்பியோடு காதல், மனசு நிறைந்த நேரம். ஆல்பத்தில் கிடார்கள் குதித்தன. கடைசிப் பாட்டு ஏசி/டிசி குழுவினுடையது. உடனே “சந்தோஷமா இருந்தா இவங்களுக்கு எழுத வராது” என்ற பேச்சு கிளம்பியது. சோகமாக இருந்தால் நீளம், சந்தோஷமாக இருந்தால் ஆழமில்லை. ரசிகர்களைத் திருப்திப்படுத்த அவருக்கு வழியே இல்லை.

ஆனால் அந்தச் சண்டைகளில் பலவற்றைக் காலம் தீர்த்துவிட்டது. கதை இல்லை என்று திட்டு வாங்கிய ‘எசென்ஸ்’ இன்று பலருக்குப் பிரியமான ஆல்பம்.

நான் சோகப் பாட்டுக்காகத்தான் அவங்களைக் கேட்கறேன். இதுல எனக்கு ஒண்ணும் இல்லையா?

இருக்கிறது. ‘ஜூக்பாக்ஸ்’, ‘வேர் தி சாங் வில் ஃபைண்ட் மீ’ இரண்டையும் இரவில் கேளுங்கள். இரண்டாவது பாட்டு, எழுதுகிறவர் பாட்டைத் தேடிப் போகாமல் பாட்டு தன்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பதைப் பற்றியது. கிடார் எடுக்க முடியாத ஒருவர் இதைப் பாடுகிறார் என்று தெரிந்துகொண்டு கேட்டால் வேறு மாதிரி இறங்குகிறது.

‘ஸ்டோலன் மொமென்ட்ஸ்’ சோகத்துக்கும் சந்தோஷத்துக்கும் நடுவில் நிற்கிறது. 2017ல் இறந்த டாம் பெட்டி, லூசிண்டா அவ்வளவாகத் தெரியாத பெயராக இருந்த 1996லேயே அவருடைய ‘சேஞ்ச்டு தி லாக்ஸ்’ பாட்டைத் தன் ஆல்பத்தில் பாடியவர். அந்த நன்றி கேட்கிறது. மெட்டிலும் பெட்டியின் சாயல் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். இதைக் காப்பி என்று ஒருவர் எனக்கு எழுதினார். அஞ்சலிப் பாட்டில் சாயல் இருக்கத்தான் செய்யும்.

2020 ஆல்பத்துல அவ்வளவு கோபம் இருந்துச்சே. அரசியல் எங்க போச்சு?

2020ல் ‘மேன் விதவுட் எ சோல்’ பாட்டில் பெயர் சொல்லாமலே டொனால்ட் ட்ரம்பை வாங்கு வாங்கென்று வாங்கினார். 2023 ஆல்பம் அந்தப் பக்கம் போகவே இல்லை. ‘திஸ் இஸ் நாட் மை டவுன்’ பாட்டை மட்டும் சிலர் அரசியலாகக் கேட்கிறார்கள். சொந்த ஊரே அந்நியமாகிப் போன உணர்வு அதில் இருப்பது உண்மை. அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

உடம்பு முடியாதவங்க போட்ட ஆல்பத்தைக் குறை சொல்றது பாவம் இல்லையா?

இதைக் கேட்பவர்கள் நல்ல மனசுக்காரர்கள். ஆனால் அவரே பரிதாபம் கேட்கவில்லை. ஆல்பத்தில் ஒரு பாட்டில்கூட ஆஸ்பத்திரி வாசனை இல்லை. நோயைப் பற்றி நேராக ஒரு பாட்டு எழுதியிருந்தால் சுலபமாகக் கைதட்டு வாங்கியிருக்கலாம், அதைச் செய்யவில்லை. தன்னை நோயாளியாக நிறுத்திக்கொள்ளாத கலைஞரை நாம் ஏன் அந்தக் கட்டிலில் படுக்கவைக்க வேண்டும்?

பரிதாபத்தில் வரும் பாராட்டு அவருக்கு அவமானம் என்று நினைக்கிறேன். “இந்த நிலைமையில் இதுவே பெரிது” என்று சொல்வது, இனி உன்னிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க மாட்டேன் என்று சொல்வதுதான். வரிகள் தளர்ந்திருக்கின்றன என்று நான் மேலே எழுதியதற்குக் காரணம், அவரால் இன்னும் ‘ஹம்ஸ் லிக்கர்’ எழுத முடிகிறது என்பதே. அதே போல, நோய் தெரியாமல் கேட்டவருக்கும் பிடிக்கிற பாட்டுகள் இதில் உண்டு. அவற்றையும் நோயின் கணக்கில் எழுதாதீர்கள்.

சுயசரிதையையும் படிச்சாத்தான் புரியுமா?

அவசியமில்லை, ஆனால் உதவும். 2023 ஏப்ரலில் அவருடைய வாழ்க்கை நினைவுகள் புத்தகமாக வந்தன. அம்மாவின் மனநோய், அப்பாவின் வீட்டில் நடமாடிய எழுத்தாளர்கள், கம்பெனிகளோடு போட்ட மல்லுக்கட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆல்பத்தில் காணாமல் போன அந்தச் சின்னச் சின்ன விவரங்கள் புத்தகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவானவை.

இதுதான் கடைசி ஆல்பமா?

இல்லை. 2024 டிசம்பரிலேயே பீட்டில்ஸ் பாட்டுகளை மட்டும் பாடி, அவர்கள் பதிவு செய்த லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவிலேயே பதிவு செய்து வெளியிட்டார். அதற்கும் சண்டை வந்தது, அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

உங்க கணக்குல பத்துல எத்தனை தேறும்? புதுசா கேட்கறவங்க எங்க ஆரம்பிக்கறது?

எனக்கு ஐந்து: ‘ஹம்ஸ் லிக்கர்’, ‘ஜூக்பாக்ஸ்’, ‘ஸ்டோலன் மொமென்ட்ஸ்’, ‘வேர் தி சாங் வில் ஃபைண்ட் மீ’, ‘நியூயார்க் கம்பேக்’. ‘லாஸ்ட் கால் ஃபார் தி ட்ரூத்’ ஆறாவதாகச் சேரலாம், சில நாள் சேர்க்கிறேன், சில நாள் இல்லை. மற்றவை கார் ஓட்டும்போது நன்றாக இருக்கும், இறங்கியதும் நினைவில் நிற்காது.

புதியவர்கள் இந்த ஆல்பத்தில் ஆரம்பிக்க வேண்டாம். 1988ல் ரஃப் டிரேட் வெளியிட்ட, அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். குரல் தெளிவு, பாட்டுகள் சுருக்கம், ‘பேஷனட் கிஸஸ்’, ‘சேஞ்ச்டு தி லாக்ஸ்’ இரண்டும் அதில்தான். பிறகு ‘கார் வீல்ஸ்’, பிறகு ‘எசென்ஸ்’. அதற்கப்புறம் ‘லிட்டில் ஹனி’யைக் கேட்டுவிட்டு 2023க்கு வந்தால், இந்த உற்சாகம் திடீரென்று முளைத்ததல்ல என்று தெரிந்துவிடும். ‘வெஸ்ட்’ ஆல்பத்தை மட்டும் மனசு சரியில்லாத நாளில் கேட்க வேண்டாம்.